திருமலையை வைத்து வெப்காமிக்: நூறு அத்தியாயம் வேண்டாம், முதலில் பன்னிரண்டு

கேள்வி: எங்கள் திருகோணமலையின் கோணேசர் மலை, கன்னியா வெந்நீர்க் கிணறுகள், இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவு எல்லாவற்றையும் சேர்த்து நூறு அத்தியாயத்தில் ஒரு மாயக்கதை வெப்காமிக் (இணையப் படக்கதை) தொடங்க இருக்கிறேன். தனியாளாகத்தான் வரைகிறேன். வாசகர்களை எப்படிச் சேர்ப்பது, எப்படித் தக்கவைப்பது?

நூறை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். 12 அத்தியாயத்தில் முழுதாக முடிகிற ஒரு கதையோடு தொடங்குங்கள். பாதியில் நின்றுபோன கதைகளைப் பார்த்து அலுத்தவர்கள்தான் உங்கள் வாசகர்கள். புது ஆளின் கதையைத் திறக்கும்போதே "இவர் முடிப்பாரா?" என்று யோசிப்பார்கள். எத்தனை அத்தியாயம், எந்த மாதம் முடியும் என்று முதல் நாளே சொல்லி, சொன்னபடி முடித்துக் காட்டினால் இரண்டாவது கதைக்குக் கூப்பிடாமலே வருவார்கள்.

கணக்கைப் பாருங்கள். ஒரு படக் கட்டத்துக்குக் கோடு, நிறம், எழுத்து எல்லாம் சேர்த்து ஒன்றரை மணித்தியாலம் என்றால் 25 கட்டமுள்ள ஒரு அத்தியாயத்துக்கு 37 மணித்தியாலத்துக்கு மேல் போகும். வேலை முடிந்து வந்து இரவில் மூன்று மணித்தியாலம் வரைகிறவருக்கு அது 12, 13 நாள். ஆகவே இரண்டு கிழமைக்கு ஒன்றுதான் உங்களால் முடியும். கிழமைக்கொன்று என்று அறிவித்தால் நான்காவதிலேயே மூச்சு வாங்கும். ஆறு அத்தியாயத்தை முழுதாக வரைந்து முடித்த பிறகே வெளியிடத் தொடங்குங்கள். முதல் நாள் மூன்றைச் சேர்த்துப் போட்டால் வாசகருக்குக் கதை பிடிபடும். மிச்சம் மூன்று கையிருப்பில் இருக்கும். காய்ச்சல் வந்தாலும் வீட்டில் கலியாணம் வந்தாலும் ஆறு கிழமை தாங்கும். கையிருப்பு ஒன்றாகக் குறைந்தால் அன்றைக்கே இடைவேளையை அறிவியுங்கள். கடைசியையும் போட்டுவிட்டுச் சொல்லாமல் காணாமல் போவதைத்தான் வாசகர் மன்னிக்க மாட்டார்.

முதல் அத்தியாயத்தில் உலக வரலாறு வேண்டாம். "முன்னொரு காலத்தில் ஏழு குலங்கள்" என்று நீளும் பத்துக் கட்டத்தை விரல் ஒரே இழுப்பில் தாண்டிவிடும். ஒரு ஆள், அவருக்கு ஒரு தேவை, அதற்கு ஒரு தடை போதும். மாயத்துக்கு ஒரே விதி, அந்த விதிக்கு ஒரு விலை. உதாரணத்துக்கு, கன்னியாவில் ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. ஒரு கிணற்றுத் தண்ணீரை அள்ளித் தலையில் ஊற்றினால் இறந்த ஒருவரின் குரல் கேட்கும், ஊற்றியவருக்கு ஒரு ஞாபகம் அழியும், சூடு கூடக் கூட அழிகிற ஞாபகமும் பெரிது என்று வையுங்கள். இன்னும் எத்தனை கிணறு மிச்சம் என்று வாசகரே எண்ணத் தொடங்குவார். அந்த எண்ணிக்கைதான் அவரை அடுத்த அத்தியாயத்துக்கு இழுத்து வரும்.

ஆனால் கோணேசர் கோயில் சனம் கும்பிடுகிற இடம். கன்னியாவில் இறந்தவருக்குக் கிரியை செய்கிறார்கள். கதையில் ஊரின் பெயரையும் கோயிலின் பெயரையும் மாற்றுங்கள், சாமியைப் பாத்திரமாக்காதீர்கள். இடத்தின் உருவத்தை மட்டும் எடுங்கள். பிளந்த பாறை, கோட்டைப் பக்கம் திரியும் புள்ளிமான், மாரியில் சாம்பல் நிறமாகும் கடல், கொட்டியாரக் குடாவிலிருந்து கடலடியில் இறங்கும் ஆழப் பள்ளம், 1956இல் எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் பாறையடிக் கடலில் முக்குளித்துக் கண்ட பழைய கோயிலின் சிதைவுகள் என்று ஒரு மாய உலகத்துக்கு இங்கே பஞ்சமே இல்லை. பாறையின் கடல் பக்கத்தை வரைவதற்குப் படம் எடுப்பதானால் காலையில் போங்கள். பின்னேரம் அந்தப் பக்கம் நிழல் விழுந்துவிடும். கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது, துறைமுகப் பக்கம் கடற்படை. கேட்டுவிட்டுக் கமராவை எடுப்பது நல்லது.

எழுத்து விஷயத்தை விரிவாகச் சொல்ல வேண்டும், தமிழ் வெப்காமிக்குகள் அதிகம் சறுக்குவது இங்கேதான். 800 பிக்சல் அகலப் படம் போன் திரையில் ஏறக்குறையப் பாதியாகச் சுருங்கும். அதனால் அந்த 800 அகலத்தில் 30 பிக்சலுக்குக் குறைந்த எழுத்து வேண்டாம். மேலே 'கீ'யின் சுழியும் கீழே 'கு'வின் வளைவும் ஒன்றோடொன்று முட்டும் என்பதால் வரி இடைவெளி எழுத்தளவின் 1.3 மடங்காவது இருக்கட்டும். "போய்க்கொண்டிருந்தவங்களுக்கு" போன்ற நீளச் சொல்லை உடைத்துப் போட்டால் வாசிக்க இடறும். வட்டமான பேச்சுக் குமிழுக்குள் அது அடங்காது. எழுத்தை முதலில் வைத்து, அதைச் சுற்றிக் குமிழை வரையுங்கள். ஒரு குமிழில் பன்னிரண்டு சொல்லுக்கு மேல் போனால் இரண்டாகப் பிரியுங்கள்.

சில வரைதல் செயலிகள் ஒற்றைக் கொம்பை இடம் மாற்றிப் போடும். 'கொக்கு', 'பௌர்ணமி', 'ஸ்ரீ' மூன்றையும் அடித்துப் பாருங்கள். பிழையாக வந்தால் எழுத்தை இங்க்ஸ்கேப் என்ற வரைகலைச் செயலியில் அமைத்துப் படமாக ஏற்றுங்கள், அது இலவசம். பேச்சுக்கு முக்த மலர், கத்தலுக்கு பலூ தம்பி, கடிதத்துக்கு கவிவாணர். மூன்றும் இலவச எழுத்துருக்கள். யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவான பாமினியில் அடித்துப் பழகியவர்கள் வசனப் பிரதியை யூனிகோடில் வையுங்கள். எழுத்துருவை மாற்றிய உடனே பாமினி வசனம் ஆங்கில எழுத்தாகச் சிதறிப்போகும்.

பாத்திரங்கள் திருமலைத் தமிழிலேயே கதைக்கட்டும். தமிழ்நாட்டு வாசகருக்குப் புரியாது என்று பயந்து மாற்றாதீர்கள். படத்தால் விளங்க வையுங்கள். "வெளிக்கிடு" (புறப்படு) என்கிறவள் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கட்டும். "ஆறுதலா வா" மட்டும் கவனம், இங்கே அது மெதுவாக வா என்பது, தமிழ்நாட்டில் ஆறுதலுக்குத் தேற்றுதல் என்ற பொருள்தான் முதலில் வரும். சொல்கிறவர் கையால் வேகத்தைக் குறைக்கச் சொல்வதுபோல் வரைந்தால் சரியாகிவிடும்.

வரையும்போது அகலம் 1800 பிக்சல் வையுங்கள். ஏ5 புத்தகத்தின் அகலம் 148 மி.மீ., 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) அது 1748 பிக்சல். பிறகு அச்சிட உதவும். இணையத்துக்கு 800 ஆகச் சுருக்கி, 1280 உயரத் துண்டுகளாக வெட்டி, ஜேபெக் தரம் 80இல் சேமியுங்கள். அத்தியாயம் ஐந்து எம்பிக்குள் அடங்கப் பாருங்கள், அதிகம் பேர் போன் டேட்டாவில்தான் வாசிப்பார்கள். கட்டங்களுக்கிடையே 200 பிக்சல், காட்சி மாறும் இடத்தில் 800 வரை வெள்ளை விடுங்கள்.

யாரும் படக்கதை ஏற்றக்கூடிய வெப்டூன் கான்வாஸ் தளத்தில் தமிழுக்குத் தனிப் பிரிவு இல்லை. சொந்தமாக ஒரு பிளாகர் பக்கமாவது வைத்து முழுக் கதையையும் அங்கே அடுக்குங்கள். பேஸ்புக், இன்ஸ்டாகிராமில் முதல் ஐந்தாறு கட்டமும் இணைப்பும் போதும். வெள்ளி இரவு 8.30 நல்ல நேரம். தமிழ்நாட்டிலும் அதே நேரம், லண்டனில் பின்னேரம், ரொறன்ரோவில் காலை. வெளியிட்ட இரண்டு நாளுக்குள் வருகிற ஒவ்வொரு கருத்துக்கும் பதில் எழுதுங்கள், கதையின் முடிச்சை மட்டும் அவிழ்க்காமல். ஒவ்வொரு அத்தியாயத்தின் கடைசிக் கட்டத்திலும் அடுத்த தேதியை எழுதுங்கள்.

பார்வை எண்ணிக்கையில் மயங்க வேண்டாம். மூன்றாவதை வாசித்தவர்களை முதலாவதை வாசித்தவர்களால் வகுத்துப் பாருங்கள். இரண்டாவதிலேயே ஆள் குறைந்தால் தொடக்கத்தில் பிழை. ஐந்து, ஆறில் குறைந்தால் கதை நகரவில்லை.

12ஆவது வெளியான அன்று இரண்டாம் பாகத்துக்குத் தேதி கேட்பார்கள். அதற்கு ஆறு அத்தியாயம் வரைந்து முடியும்வரை தேதி சொல்லாதீர்கள்.