பதற்றமான ஒருவரின் மனக்குரலிலேயே நகரும் சின்ன, ஆனால் கனமான நாவல் ஒன்று சொல்லுங்களேன்?

ரஷ்ய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கியின் 'நிலவறைக் குறிப்புகள்'. 1864இல் வந்தது. அவருடைய மற்ற நாவல்களைப் பார்த்தால் கைக்கு அடக்கமான புத்தகம். ஆனால் ஒன்று, இரண்டாம் பகுதியிலிருந்து படிக்கத் தொடங்குங்கள்.

இந்த நாவலைப் பாதியில் மூடியவர்கள் பெரும்பாலும் முதல் பகுதியில்தான் மூடியிருப்பார்கள். அதில் கதையே கிடையாது. வேலையை விட்டுவிட்ட 40 வயது அரசு ஊழியர் ஒருவர் பீட்டர்ஸ்பர்கில் ஒரு மூலையில் உட்கார்ந்து, எதிரே இல்லாத கனவான்களோடு வாதாடுகிறார். அவர்கள் என்ன கேட்பார்கள் என்பதையும் அவரே சொல்லி, பதிலும் சொல்லி, அந்தப் பதிலுக்காகக் கூசியும் போகிறார். இரண்டாம் பகுதி அவருடைய 24 வயதில் நடந்தது. காலப்படி அதுதானே முதலில்?

அங்கே ஒரு ராணுவ அதிகாரி வருகிறார். மதுக்கடையில் பில்லியர்ட்ஸ் மேசையருகே நம்மவர் வழியை மறித்து நிற்க, அதிகாரி ஒரு வார்த்தை பேசாமல் அவர் தோளைப் பிடித்து, ஏதோ நாற்காலியை நகர்த்துவதுபோல் நகர்த்தி வைத்துவிட்டுப் போய்விடுகிறார். அவ்வளவுதான். இது வருஷக்கணக்கில் உள்ளே புழுங்குகிறது. கடைசியில் பழிவாங்கத் திட்டம்: நெவ்ஸ்கி வீதியில் எதிரே வரும்போது விலகாமல் தோளோடு தோள் இடிப்பது. அதற்குச் சமமானவராகத் தெரிய வேண்டுமே! கறுப்புக் கையுறை, நல்ல தொப்பி. ஓவர்கோட்டின் ரக்கூன் ரோமக் காலர் கேவலமாக இருக்கிறது, பீவர் ரோமக் காலர் வேண்டும். அதற்கு மேலதிகாரியிடம் கடன். இத்தனைக்கும் பிறகு பலமுறை கடைசி நொடியில் தானே விலகிவிடுகிறார். ஒருநாள் கண்ணை மூடிக்கொண்டு இடித்தேவிடுகிறார். அதிகாரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கவனிக்காத மாதிரி நடிக்கிறான்" என்று இவருக்கு ஒரே சந்தோஷம்!

சிரித்துக்கொண்டே படிப்பீர்கள். அடுத்து வரும் விருந்தில் சிரிப்பு குறையும், லிசா என்ற இளம்பெண் வந்தபின் சுத்தமாக நின்றுவிடும்.

அப்புறம் முதல் பகுதிக்கு வாருங்கள். அங்கே இரண்டும் இரண்டும் நான்கு என்பதன்மேல் இவருக்குத் தீராத கோபம்; அது இடுப்பில் கைவைத்து வழியை மறித்து நிற்கிறதாம். தத்துவம் என்று முன்பு தள்ளியிருப்பீர்கள். இப்போது அந்த அதிகாரியின் முகம் தெரியும்.