சர்க்கரைத் தண்ணீர் சோதனை: கர்ப்பிணிகள் கேட்ட கேள்விகள்

பதில்: மகப்பேற்றுத் தாதியர், உணவியலாளர் குழு

எனக்கு இது 26ஆம் வாரம். அடுத்த வியாழக்கிழமை கர்ப்பகால நீரிழிவுச் சோதனை. "ஒரு வாரம் சோறு, இனிப்பு எல்லாம் நிறுத்திடு, ரிசல்ட் நல்லா வரும்" என்கிறார் மாமியார். மூன்று நாளாக இரவில் முட்டையும் சூப்பும்தான். இது சரியா?
– வாசகி, ஈசூன்

இன்றைக்கே சோற்றுக்குத் திரும்புங்கள். மாவுச்சத்தை நிறுத்தினால் ரிசல்ட் நன்றாக வராது, கெட்டுத்தான் வரும். சில நாள் சோறு, ரொட்டி இல்லாமல் இருந்தால் உடல் கொழுப்பை எரித்துக் காலம் தள்ளப் பழகிவிடும். குளுக்கோஸைக் கண்டவுடன் கணையம் இன்சுலினைச் சுரக்கும் வேகம் தணியும். தசைகளும் குளுக்கோஸை இழுத்துக்கொள்வதில் மந்தமாகும். அந்த நேரம் பார்த்துச் சோதனைத் தண்ணீரில் கரைத்த 75 கிராம் குளுக்கோஸ் உள்ளே போனால் ரத்தத்தில் அது தேங்கி நிற்கும். இல்லாத நீரிழிவு இருப்பதாகக் காகிதத்தில் வந்துவிடும்.

சோதனைக்கு முந்தைய மூன்று நாளும் ஒரு நாளைக்குக் குறைந்தது 150 கிராம் மாவுச்சத்து வேண்டும். பயப்படாதீர்கள், இது விருந்துக் கணக்கு அல்ல. காலையில் இரண்டு துண்டு ரொட்டி (30 கிராம்), மதியம் 200 கிராம் வெந்த சோறு (ஏறக்குறைய 56), மாலையில் ஒரு வாழைப்பழமும் ஒரு குவளைப் பாலும் (சுமார் 37), இரவு இரண்டு சப்பாத்தி (30க்கு மேல்) என்று சாப்பிட்டாலே 150 தாண்டிவிடும். இட்லி, தோசை சாப்பிடுகிறவர்கள் எண்ணிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. வழக்கமாகச் சாப்பிடுவதைச் சாப்பிட்டால் போதும்.

மாமியாரின் அக்கறையைக் குறை சொல்லவில்லை. ஆனால் இதில் பாஸாக வேண்டும் என்று எதுவுமில்லை. நஞ்சுக்கொடியில் சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினின் வேலையைத் தடுக்கின்றன. அதைச் சமாளிக்கும் அளவுக்குக் கணையம் ஈடுகொடுக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். சிங்கப்பூரில் ஏறத்தாழ ஐந்து கர்ப்பிணிகளில் ஒருவருக்குக் கர்ப்பகால நீரிழிவு வருகிறது. இந்த வாரங்களில் வளைகாப்பு வைக்கும் வீடுகளும் உண்டு. முந்தைய நாள் இரண்டு லட்டு சாப்பிட்டதால் நீரிழிவு என்று வராது. விருந்தை இரவு பத்து மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

எத்தனை மணி நேரம் வெறும் வயிறு? கோப்பி-ஓ கோசோங் (பால், சர்க்கரை சேர்க்காத காப்பி) குடிக்கலாமா, அதில் சர்க்கரையே இல்லையே? தைராய்டு மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை எப்போது?
– வாசகி, செங்காங்

குறைந்தது 8 மணி நேரம், 14க்கு மேல் போகக் கூடாது. காலை எட்டரைக்கு முதல் ரத்தம் எடுப்பார்கள் என்றால் முந்தைய இரவு பத்துக்குச் சாப்பாட்டை முடிப்பது வசதி. இரவு ஏழு மணிக்கே சாப்பிட்டுவிட்டு மறுநாள் பதினொன்றரைக்குப் போய் நிற்காதீர்கள். பதினாறரை மணி நேரப் பட்டினியும் அளவை மாற்றும். பகலில் குளுக்கோஸைத் தாங்கும் திறனும் குறையும் என்பதால் காலை நேரமே கேட்டு வாங்குங்கள்.

வெறும் தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். குடித்தால் நரம்பும் எளிதில் கிடைக்கும். கோசோங்கானாலும் காப்பி கூடாது, கஃபீன் இன்சுலினின் வேலையைக் கெடுக்கும். சூயிங்கம், இருமல் மிட்டாய் வேண்டாம். பல் துலக்கலாம்.

தைராக்ஸின் மாத்திரையை வழக்கம்போல வெறும் தண்ணீரில் விழுங்கலாம். இரும்புச்சத்து மாத்திரை சோதனை முடிந்து சாப்பிட்ட பிறகு. வெறும் வயிற்றில் அது குமட்டலைக் கூட்டும். நீங்கள் கேட்காத இரண்டையும் சொல்லிவிடுகிறோம். சர்க்கரையைக் குறைக்கும் மெட்ஃபார்மின் மாத்திரை எடுப்பவர்கள் நாள் குறிக்கும்போதே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். குழந்தையின் நுரையீரலுக்காக ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் சோதனையை ஒரு வாரமாவது தள்ளிப்போட வேண்டும், அந்த ஊசி சர்க்கரையை ஏற்றிவிடும். காய்ச்சலோடும் போகாதீர்கள்.

முதல் பிள்ளைக்குச் சோதித்தபோது அந்தத் தண்ணீரைக் குடித்த அரை மணியில் வாந்தி எடுத்துவிட்டேன். இந்த முறையும் அப்படி ஆனால்?
– வாசகி, உட்லண்ட்ஸ்

வாந்தி எடுத்தால் அன்றைய சோதனை செல்லாது. உள்ளே எவ்வளவு தங்கியது என்று யாருக்கும் தெரியாது. "கொஞ்சம்தான் வந்தது" என்று மறைத்துவிட்டு உட்கார்ந்திருப்பவர்களும் உண்டு. அப்படி வரும் நல்ல ரிசல்ட்டால் உங்களுக்கும் பயனில்லை, பிள்ளைக்கும் பயனில்லை. தாதியிடம் உடனே சொல்லுங்கள்.

75 கிராம் குளுக்கோஸை 250 முதல் 300 மில்லி தண்ணீரில் கரைத்துத் தருவார்கள். அவ்வளவு அடர்த்தியான கரைசல் குடலுக்குள் நீரை இழுக்கும், இரைப்பை காலியாவதும் தாமதமாகும். குமட்டல் அதனால்தான். குளிர்ந்திருந்தால் குடிக்க எளிது, இருக்கிறதா என்று கேளுங்கள். மடமடவென்று ஒரே மூச்சில் ஊற்றாமல் குடிக்கத் தரும் ஐந்து நிமிடத்தையும் பயன்படுத்தி மிடறு மிடறாகக் குடியுங்கள். அதற்கு மேல் இழுக்காதீர்கள். முதல் மிடறிலிருந்துதான் கடிகாரம் ஓடும், அந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தலை சுற்றினால் இடப்பக்கம் சாய்ந்து படுக்க இடம் கேட்கலாம்.

பிறகு இரண்டு மணி நேரமும் உட்கார்ந்தே இருங்கள். ரத்தம் எடுக்கும் ஊசிகளுக்கு இடையில் பக்கத்துக் கடைத்தொகுதியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் நடக்கும் தசைகள் குளுக்கோஸைத் தின்றுவிடும், அளவு பொய்யாகக் குறையும். மூத்த பிள்ளையைத் துரத்திக்கொண்டு ஓடினாலும் அதே கதைதான். அன்று அப்பாவோ பாட்டியோ பார்த்துக்கொள்ளட்டும். இரண்டு மணி முடிவில் மூன்றாவது, கடைசி ரத்தம் எடுத்தவுடன் சாப்பிடப் பையில் ஏதாவது இருக்கட்டும். சிலருக்கு அப்போது சர்க்கரை சட்டென்று இறங்கிக் கை நடுங்கும். அவித்த முட்டையும் ரொட்டியும், அல்லது டப்பாவில் தயிர்ச்சாதம் நல்லது. காயா (தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை ஜாம்) தடவிய ரொட்டியும் இனிப்பு மைலோவும் அந்த நேரத்துக்கு ஏற்றவை அல்ல.

மறுபடியும் தங்கவில்லை என்றால், வீட்டில் சில நாள் விரலில் குத்தி, சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் அளக்கச் சொல்வார்கள். இரைப்பைச் சுருக்க அறுவை செய்துகொண்டவர்களுக்கும் இந்தப் பானத்தைத் தவிர்த்து அந்த வழியே நல்லது, முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

திருச்சியில் இருக்கும் அம்மா, "இங்கே பட்டினியே வேண்டாம், சாப்பிட்டுட்டுப் போனாலும் ஒரே ஒரு தடவை ரத்தம் எடுப்பாங்க" என்கிறார். இங்கே ஏன் மூன்று முறை?
– வாசகி, பொங்கோல்

அம்மா சொல்வதும் உண்மைதான். இந்தியாவில் பரவலாக உள்ள முறையில், சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே முறை பார்த்து 140 மில்லிகிராமில் கோடு போடுகிறார்கள். தொலைவிலிருந்து வரும் பெண்களைத் திரும்ப வரச் சொல்ல முடியாத இடங்களுக்கு அது உகந்தது. இங்கே வெறும் வயிற்றில் ஒன்று, ஒரு மணியில் ஒன்று, இரண்டு மணியில் ஒன்று என மூன்று. வெறும் வயிற்று அளவு மட்டும் உயர்ந்திருக்கும் பெண்கள் ஒற்றைச் சோதனையில் தப்பிவிடலாம். அம்மாவிடம் எண் சொல்லும்போது 18ஆல் பெருக்கிச் சொல்லுங்கள். இங்கே மில்லிமோல், அங்கே மில்லிகிராம்.

ரமலானில் என் சோதனை நாள் வருகிறது. சஹர் சாப்பிட்டுவிட்டுப் போகலாமா?
– வாசகி, பிடோக்

முடியாது. விடியுமுன் சாப்பிட்டால் காலை எட்டரைக்கு மூன்று மணி நேரம்தான் ஆகியிருக்கும். சஹரை விட்டாலும் குளுக்கோஸ் தண்ணீர் குடித்தால் நோன்பு முறிந்துவிடும். ஆகவே அன்று நோன்பை விட்டுப் பிறகு வேறொரு நாளில் களாச் செய்யுங்கள் (ஈடாக நோன்பு வையுங்கள்), அல்லது 28 வாரம் தாண்டாதபடி தேதியை மாற்றிக் கேளுங்கள். நோன்பு நாள்களுக்கு நடுவே சோதனை என்றால் முந்தைய மூன்று நாளும் 150 கிராம் கணக்கு குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாமனாரின் குளுக்கோமீட்டர் வீட்டிலேயே இருக்கிறது. அதில் பார்த்தால் போதாதா?
– வாசகி, ஜூரோங் வெஸ்ட்

கண்டுபிடிப்பதற்குப் போதாது. தர விதிப்படியே அந்தக் கருவிகள் 5.5 மில்லிமோல் வரையிலான அளவுகளில் 0.83 கூடவோ குறையவோ காட்டலாம். வெறும் வயிற்றுக் கோடு 5.1. உண்மையில் 5.1 இருப்பவருக்கு அது 4.3 என்றும் காட்டலாம், 5.9 என்றும் காட்டலாம். நோய் உறுதியான பிறகு, தினமும் போக்கைக் கவனிக்க அது நல்ல துணை. மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி சோதனையையும் இதற்கு மாற்றாக நம்ப முடியாது. கர்ப்பத்தில் சிவப்பணுக்கள் வேகமாகப் புதுப்பிக்கப்படுவதால் அளவு குறைத்துக் காட்டும்.

ரிசல்ட்: 5.2, 9.1, 7.4. இரண்டு சரி, ஒன்று மட்டும் 0.1 கூடுதல். இதற்குப் போய் நீரிழிவு என்கிறார்களே?
– வாசகி, அங் மோ கியோ

ஆம், நீரிழிவுதான். வெறும் வயிறு, ஒரு மணி, இரண்டு மணி என்ற வரிசையில் கோடுகள் 5.1, 10.0, 8.5. மூன்றில் ஒன்றைத் தொட்டாலே போதும். இவை கண்மூடித்தனமாகப் போட்டவை அல்ல. சிங்கப்பூரும் பங்கெடுத்து, 2008இல் முடிவு வெளியான பன்னாட்டு ஆய்வில், தாயின் சர்க்கரை ஏற ஏறக் குழந்தையின் எடையும் அறுவைப் பிரசவமும் படிப்படியாகக் கூடின. இதற்கு மேல் ஆபத்து, இதற்குக் கீழ் இல்லை என்று தெளிவான எல்லை எதுவும் தென்படவில்லை; நிபுணர்கள் கூடி ஓரிடத்தில் கோடு போட்டார்கள். நீங்கள் அந்தக் கோட்டை ஒட்டி நிற்கிறீர்கள். பலருக்குச் சாப்பாட்டை மாற்றி, சாப்பிட்டபின் 10–15 நிமிடம் நடந்தாலே கட்டுக்குள் வரும். ஆனால் வெறும் வயிற்று அளவு இரவில் கல்லீரல் விடும் சர்க்கரையைப் பொறுத்தது. சாப்பாட்டை மாற்றியும் அது இறங்காவிட்டால் மருந்தோ இன்சுலினோ தருவார்கள். உங்கள் தவறு என்று அதற்கு அர்த்தமில்லை.

பிள்ளை பிறந்து 6 முதல் 12 வாரத்துக்குள் இதே தண்ணீரை இன்னொரு முறை குடிக்க வேண்டும். பச்சிளம் குழந்தையோடு அலைவதில் பலர் அதை விட்டுவிடுகிறார்கள். மருத்துவமனையை விட்டுக் கிளம்பும்போதே தேதி வாங்கிக்கொள்ளுங்கள்.