தைத்தது யார்?

ஐயா, வணக்கம்.

என் மகள் மதுரையில் கல்லூரி இறுதியாண்டு படிக்கிறாள். புது மண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய தையல்கடை ஒன்றில் கொடுத்துத் தைத்த சுடிதாரைப் போட்டுக்கொண்டு நேர்காணல் பயிற்சிக்குப் போனாள். உடையைப் பற்றிப் பேச்சு வந்ததும் ‘ஐ ஸ்டிச்டு திஸ் இன் மதுரை’ என்றிருக்கிறாள். ‘உனக்குத் தையல் தெரியுமா?’ என்று பயிற்சியாளர் கேட்டாராம். மறுநாள் ‘ஐ ஹேட் ஸ்டிச்டு திஸ்’ என்று மாற்றிச் சொன்னாள். அதுவும் தப்பாம். ‘காட்’ போட்டுச் சொல் என்கிறாள் தோழி. ‘மேட்’ என்கிறார் பக்கத்து வீட்டு ஆசிரியர். எதைச் சொல்வது?

ஒரு வாசகி, மேலூர்

அன்புள்ள அம்மா,

மகள் முதலில் சொன்னதில் இலக்கணப் பிழை ஏதும் இல்லை. கோளாறு பொருளில்தான். ‘மதுரையில் தைத்தேன்’ என்று தமிழில் சொன்னால் தைத்தவர் கடைக்காரர் என்று கேட்பவருக்கே தெரியும். முடி வெட்டினேன், பல் பிடுங்கினேன், வண்டியை சர்வீஸ் பண்ணினேன், மில்லில் மிளகாய் அரைத்துவிட்டு வந்தேன், எல்லாமே அப்படித்தான். ஆங்கிலத்தில் ‘ஐ ஸ்டிச்டு’ என்றால் ஊசியும் நூலும் உங்கள் மகள் கையில். பயிற்சியாளர் கேலி செய்யவில்லை, வாக்கியம் சொன்னதைத்தான் கேட்டிருக்கிறார்.

அவள் சொல்லியிருக்க வேண்டியது: ‘ஐ ஹேட் திஸ் ஸ்டிச்டு இன் மதுரை.’ முதலில் ஹேவ் அல்லது அதன் காலத்துக்கேற்ற வடிவம், அடுத்து பொருள், கடைசியில் வினையின் மூன்றாம் வடிவம். நடுவில் இருக்க வேண்டிய ‘திஸ்’ஸைக் கடைசிக்குத் தள்ளியதுதான் இரண்டாம் முறை நடந்த தவறு. ‘ஐ ஹேட் ஸ்டிச்டு திஸ்’ என்றால், கடந்த காலத்தில் வேறொன்று நடப்பதற்கு முன்பே நானே தைத்து முடித்திருந்தேன் என்று ஆகிவிடும். முதல் வாக்கியத்தைவிட இது அவளை இன்னும் தீர்க்கமான தையல்காரியாக்குகிறது.

ஒரு சொல் இடம் மாறினால் ஏன் இவ்வளவு வித்தியாசம்? பழைய ஆங்கிலத்தில் ‘கடிதத்தை எழுதி முடித்த நிலையில் வைத்திருக்கிறேன்’ என்பது போன்ற அமைப்பிலிருந்துதான் இன்றைய ‘ஐ ஹேவ் ரிட்டன்’ வகைக் காலம் பிறந்தது. அப்போது பொருள் வினைக்கு முன்னும் வரலாம், பின்னும் வரலாம். பிற்காலத்தில் பாதை பிரிந்தது. பின்னால் வந்தால் நானே செய்தேன், நடுவில் வந்தால் செய்வித்தேன். காதால் பிரித்தறியவும் வழி இருக்கிறது. நானே செய்தது என்றால் பேச்சில் ‘ஐட் ஸ்டிச்டு இட்’ என்று ஹேட் சுருங்கிவிடும். செய்வித்தது என்றால் பெரும்பாலும் சுருங்காது, ஹேட் முழுதாகவே ஒலிக்கும்.

இங்கே ஹேவ் துணைவினை இல்லை, முழு வினை. இதைப் பிடித்துக்கொண்டால் கேள்வியும் மறுப்பும் தானாக வந்துவிடும். ‘வேர் டிட் யூ ஹேவ் இட் ஸ்டிச்டு?’ ‘ஐ டிட்ன்ட் ஹேவ் இட் ஸ்டிச்டு, ஐ பாட் இட் ரெடிமேட்.’ ‘வேர் ஹேட் யூ இட் ஸ்டிச்டு’ என்று கேட்கவே கூடாது. ஹேவ் வினைக்கு ஐஎன்ஜி வராது என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். உடைமையைச் சொல்லும்போது அது சரி. இந்த அமைப்பில் தாராளமாக வரும்: ‘வீ ஆர் ஹேவிங் தி ஹவுஸ் பெயின்டட்.’ ‘ஐ ஹேவ் ஹேட் மை ஐஸ் டெஸ்டட்’ என்று எழுதிவிட்டு, ஹேவ் இரண்டு முறை வந்துவிட்டதே என்று ஒன்றை அடிப்பவர்கள் உண்டு. அடிக்க வேண்டாம், இரண்டும் வேண்டும்.

மூன்றாம் வடிவத்தில் வழுக்கும் இடங்கள் சில. ப்ராஜெக்ட்டை பைண்டிங் கொடுத்தால் ‘ஐ ஹேட் மை ப்ராஜெக்ட் பவுண்ட்’, பைண்டட் இல்லை. மில்லில் அரைத்தது ‘ஐ ஹேட் தி சில்லீஸ் கிரவுண்ட்’, கிரைண்டட் இல்லை. விளையாட்டு மைதானம் போல ஒலிக்கிறதே என்று கூச்சப்பட வேண்டாம், சரியான சொல் அதுதான்.

இந்த அமைப்பு தேவையே இல்லாத இடங்களும் உண்டு. இதைப் புதிதாகக் கற்றவர்கள் பார்க்கும் வினைக்கெல்லாம் ஹேவ் மாட்டிவிடுகிறார்கள். ‘திருமலை நாயக்கர் பில்ட் திஸ் பேலஸ்’ நல்ல ஆங்கிலம். 1636-ல் கட்டிய மகாலுக்கு மன்னரே செங்கல் எடுத்து வைத்தார் என்று யாரும் நினைக்கப்போவதில்லை. கட்டுவது போன்ற பெரிய காரியங்களில், செய்யச் சொன்னவரையே செய்தவராகச் சொல்வது ஆங்கிலத்திலும் வழக்கம். 1866 முதல் 1872 வரை சென்னை கவர்னராக இருந்த நேப்பியர் அந்த மகாலைப் பழுதுபார்க்க ஏற்பாடு செய்ததை ‘நேப்பியர் ஹேட் தி பேலஸ் ரிப்பேர்டு’ என்றும் சொல்லலாம், வெறும் ‘ரிப்பேர்டு’ என்றும் சொல்லலாம். தையல், முடிவெட்டு, பல், வண்டி போன்ற சில்லறை வேலைகளுக்கு இந்தச் சலுகை அவ்வளவாகக் கிடைக்காது.

ஆஸ்பத்திரிப் பேச்சு இன்னும் எளிது. ‘மை மதர் ஹேட் எ கேட்டராக்ட் ஆபரேஷன் அட் அரவிந்த்’, ‘ஐ ஹேட் அன் எக்ஸ்ரே.’ பெயர்ச்சொல் போதும், மூன்றாம் வடிவம் வேண்டியதில்லை. ‘ஐ ஆபரேட்டட் மை ஐ’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

தோழி சொன்ன ‘காட்’ தவறில்லை. ‘ஐ காட் இட் ஸ்டிச்டு’ பேச்சுவழக்கு. கொஞ்சம் அலைந்து முடித்த காரியம் என்ற சாயலும் சில சமயம் சேரும். ‘ஐ காட் மை பாஸ்போர்ட் ரின்யூட்’ என்பதில் அது தெரியும். ஆனால் ‘ஐ காட் மை ஹோம்வொர்க் டன்’ என்றால் நானே செய்து முடித்தேன் என்று பொருள். யார் செய்தது என்பதுதான் உங்கள் வீட்டுச் சிக்கல் என்பதால், நேர்காணலில் ஹேட் பத்திரமானது. ‘காட் ஸ்டிச்டு இட்’ நம் பக்கத்தில் அதிகம் காதில் விழுவது. இங்கும் பொருள் நடுவில்தான் வர வேண்டும்.

‘மேட்’ வேண்டாம். ‘தைக்க வைத்தேன்’ என்பதிலிருந்து வந்த யோசனை அது. ‘ஐ மேட் தி டெய்லர் ஸ்டிச் இட்’ என்றால் தையல்காரரை வற்புறுத்தியது போல் ஆகும்.

ஆளைச் சொல்லியே ஆக வேண்டுமானால், ‘ஐ காட் தி டெய்லர் டு ஷார்ட்டன் தி ஸ்லீவ்ஸ்’ அல்லது ‘ஐ ஹேட் தி டெய்லர் ஷார்ட்டன் தி ஸ்லீவ்ஸ்.’ காட் வந்தால் டு வேண்டும், ஹேட் வந்தால் கூடாது. இரண்டாவது அமெரிக்க ஆங்கிலத்தில் அதிகம். கையை யார் குட்டையாக்கினார் என்பது யாருக்கும் முக்கியம் இல்லையென்றால் தையல்காரரை விட்டுவிடலாம்: ‘ஐ ஹேட் தி ஸ்லீவ்ஸ் ஷார்ட்டன்டு.’ நடப்பில் பெரும்பாலும் இப்படித்தான் பேசுகிறார்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. ‘ஐ ஹேட் மை ஃபோன் ஸ்டோலன் அட் மாட்டுத்தாவணி’ என்றால் ஆள் வைத்துத் திருட வைத்ததாகப் பொருள் இல்லை, எனக்கு இப்படி நேர்ந்துவிட்டது என்றுதான் அர்த்தம். யாரும் விரும்பி ஏற்பாடு செய்யாத காரியத்துக்கும் இதே அமைப்பு வரும். ‘ஐ வாஸ் ஸ்டோலன் மை ஃபோன்’ என்பது தவறு. போலீஸ் புகாரில் எழுதும்போது ‘மை ஃபோன் வாஸ் ஸ்டோலன்’ என்று நேராக எழுதிவிடுங்கள்.