பரணில் கிடக்கும் விலையில்லா மடிக்கணினி: கேள்வி பதில்

2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், தமிழக அரசு நிறுவனமான எல்காட் வாங்கி வழங்கிய பெட்டிகள் டெல்டாவில் பல வீடுகளில் இன்னும் இருக்கின்றன. சில பரணில், சில அரிசி டிரம்முக்குப் பின்னால். மன்னார்குடியில் பல ஆண்டுகளாக இவற்றைப் பழுதுபார்ப்பவன் என்பதால் கேள்விகள் என்னிடம் வந்து சேருகின்றன. இந்த முறை வந்தவற்றில் பெரும்பாலானவை இரண்டைப் பற்றியவை: உள்ளே இருப்பதை எப்படிக் காப்பாற்றுவது, பிறகு பெட்டியை எப்படி நம் விருப்பத்துக்கு மாற்றுவது.

அக்கா பிளஸ் டூ முடித்தபோது கிடைத்தது. 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 7, பாஸ் லினக்ஸ் என்று இரண்டு இயங்குதளங்களும் இருக்கின்றன. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏதாவது போட வேண்டும். எங்கிருந்து தொடங்குவது, அண்ணா? (நீடாமங்கலம், கல்லூரி மாணவர்)

பெட்டியைக் கவிழ்ப்பதிலிருந்து தொடங்குங்கள் தம்பி. அடிப்பக்கத்தில் விண்டோஸ் சாவி எண் அச்சிட்ட ஒட்டி இருக்கும். வியர்வையிலும் சூட்டிலும் பாதி எழுத்து அழிந்திருக்கும். மீதியும் அழிவதற்குள் கைபேசியில் படம் எடுத்துவையுங்கள்.

அடுத்து கோப்புகள். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றையும் எல்லோரும் எடுத்துவிடுகிறார்கள். மறப்பது இரண்டை. ஒன்று, எழுத்துருக் கோப்புறை. அதன் அருமை கீழே திருவாரூர்க்காரருக்குச் சொன்ன பதிலில் தெரியும். இன்னொன்று, பாஸ் லினக்ஸ் பக்கம். மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய அந்த இயங்குதளம், டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டது. டிஸ்க்கில் அதற்கெனப் பிரித்த பகுதி, அதாவது பார்ட்டிஷன், விண்டோஸ் கண்ணுக்கு வெறும் காலியிடம் போலத்தான் தெரியும். அக்கா பள்ளி நாளில் அந்தப் பக்கம் நுழைந்து எதையாவது சேமித்திருந்தால், விண்டோஸில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. ஒருமுறை பாஸில் நுழைந்து ஹோம் கோப்புறையையும் பாருங்கள்.

மூன்றாவதாக, முழு டிஸ்க்கின் பிம்பம், அதாவது டிஸ்க்கில் இருப்பதை அப்படியே எடுத்துவைக்கும் நகல். குளோன்சில்லா என்ற நகலெடுக்கும் மென்பொருளை ஒரு பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியைத் துவக்கி, வெளி ஹார்ட் டிஸ்க்கில் பிம்பத்தை எழுதச் சொல்லுங்கள். 320 ஜிபிக்கும் இடம் வேண்டுமோ என்று பயப்பட வேண்டாம். தனக்குத் தெரிந்த பார்ட்டிஷன்களில் பயன்படுத்திய இடத்தை மட்டுமே அது எடுக்கும், அதையும் சுருக்கித்தான் வைக்கும். ஒரு சிக்கலை மட்டும் நினைவில் வையுங்கள். 320 ஜிபி டிஸ்க்கின் பிம்பத்தை 240 ஜிபி எஸ்எஸ்டியில் அப்படியே இறக்க முடியாது. மூலத்தைவிடச் சிறிய டிஸ்க்கைக் குளோன்சில்லா ஏற்பதில்லை. பார்ட்டிஷனைச் சுருக்கி வழிபண்ணலாம்தான், ஆனால் எனக்கு அதில் விருப்பமில்லை. எஸ்எஸ்டி மாற்றுவதாக இருந்தால் அதில் இயங்குதளத்தைப் புதிதாக நிறுவிக் கோப்புகளை மட்டும் கொண்டுவாருங்கள். பிம்பம், பின்னால் ஏதாவது விட்டுப்போயிற்று என்று தெரிந்தால் திரும்பிப் பார்ப்பதற்கு.

விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றே முடிந்துவிட்டது. 2 ஜிபி ராமில் லுபுண்டு என்ற இலகுவான லினக்ஸ் ஓடும். இன்னும் இலகுவாக வேண்டுமென்றால் ஆன்டிஎக்ஸ். மூச்சுத் திணறுவது இயங்குதளத்தால் அல்ல, உலாவியில் நீங்கள் திறந்துவைக்கும் பன்னிரண்டு பக்கங்களால். ராம் கூட்டுவதென்றால் பழையதைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோங்கள். டிடிஆர்3, டிடிஆர்3எல் என்று இரண்டு உண்டு. பெயர் ஒன்றுபோல இருந்தாலும் மின்னழுத்தம் வேறு.

20 ஜிபி காலியாக இருக்கும் பென்டிரைவில், 6 ஜிபி கல்யாண வீடியோ ஏறமாட்டேன் என்கிறது. (திருத்துறைப்பூண்டி)

பென்டிரைவ் ஃபேட்32 முறையில் இருக்கிறது. அதில் ஒரு தனிக் கோப்பு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. பென்டிரைவில் இருப்பதை வேறிடத்தில் வைத்துவிட்டு, எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்யுங்கள், ஏறிவிடும்.

கஜா புயலில் ஓடு பறந்து மடிக்கணினி நனைந்துவிட்டது. அன்றிலிருந்து திறக்கவே இல்லை. அப்பாவின் படங்கள் அதில்தான் இருக்கின்றன. மீட்க முடியுமா? (வேதாரண்யம்)

2018 நவம்பர் 16-க்குப் பிறகான வாரங்களை என்னால் மறக்க முடியாது. மின்சாரம் இல்லாத ஊர்களிலிருந்து சாக்கில் சுற்றிய பெட்டிகள் வந்தபடியே இருந்தன. ஒன்றில் மின்விசிறியின் இதழ்களுக்கு இடையே பொன்னி அரிசி சிக்கியிருந்தது. ஈரம் உறிஞ்சும் என்று மூன்று நாள் அரிசிக்குள் புதைத்திருக்கிறார்கள். பல் குத்தும் குச்சியால் ஒவ்வொன்றாக நோண்டி எடுத்தேன். அரிசி நம் ஊரில் எல்லாவற்றுக்கும் மருந்து, இதற்கு மட்டும் இல்லை.

உங்கள் பெட்டிக்கு மின் இணைப்புக் கொடுக்காதீர்கள். உப்புக் காற்றிலும் ஈரத்திலும் மதர்போர்டு அரித்திருக்கலாம், ஆனால் படங்கள் இருப்பது மதர்போர்டில் அல்ல. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றச் சொல்லி, யுஎஸ்பி உறையில் போட்டு வேறு கணினியில் இணைத்துப் பாருங்கள். டக் டக் என்று சத்தம் வந்தால் அந்த நொடியே பிடுங்கிவிட்டு, தரவு மீட்பவர்களிடம் கொண்டுபோங்கள். சத்தமில்லாமல் அடையாளம் காட்டி, படிக்கும்போது மட்டும் திணறினால், டிடிரெஸ்க்யூ என்ற லினக்ஸ் கருவியால் முழு டிஸ்க்கையும் இன்னொரு டிஸ்க்குக்கு நகலெடுத்துவிட்டு, படங்களை அந்த நகலில் தேட வேண்டும். "ஃபார்மட் செய்யவா?" என்று விண்டோஸ் கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள். டிஸ்க்கைச் சரிசெய்யும் விண்டோஸ் கருவியான செக்டிஸ்க்கை யாராவது ஓட்டிப் பார்க்கலாம் என்றாலும் விடாதீர்கள்.

கிடைத்தால், ஒரு நகலைத் திருச்சியிலோ மதுரையிலோ இருக்கும் உறவினர் வீட்டில் வையுங்கள். ஒரே பீரோவில் இரண்டு டிஸ்க்குகள் வைத்திருந்த ஒருவரையும் அதே நவம்பரில் பார்த்தேன்.

ஐயா, பழைய மடிக்கணினிகள் எட்டு சேர்ந்திருக்கின்றன. பிள்ளைகளுக்கு மாலை வகுப்பில் கொடுக்க நினைக்கிறேன். இணைய வசதி கிடையாது. (பாபநாசம் அருகே ஓர் ஆசிரியை)

நல்ல காரியம், அம்மா. எட்டையும் தனித்தனியாக நிறுவிக்கொண்டு உட்காராதீர்கள். ஒன்றை மட்டும் மனத்துக்குப் பிடித்தபடி தயார் செய்து, குளோன்சில்லாவில் பிம்பமெடுத்து, மற்ற ஏழிலும் இறக்குங்கள். வெவ்வேறு மாடலாக இருந்தாலும் லினக்ஸ் பெரும்பாலும் முரண்டு பிடிக்காது. விண்டோஸை இப்படிப் பரப்ப முடியாது, உரிமமும் இடம் தராது. மாதிரிக் கணினியில் இருக்கும் டிஸ்க் எட்டிலும் சிறியதாக இருக்கட்டும். காரணம் முதல் பதிலிலேயே இருக்கிறது.

உள்ளே என்ன வைப்பது? கிவிக்ஸ் என்ற வாசிப்புச் செயலியைப் போட்டுத் தமிழ் விக்கிப்பீடியாவை ஒரே கோப்பாக இறக்கினால், இணையம் இல்லாமலே படிக்கலாம், தேடலாம். சின்னப் பிள்ளைகளுக்கு ஜிகாம்ப்ரி என்ற கல்வி விளையாட்டுத் தொகுப்பு, வரைவதற்கு டக்ஸ் பெயின்ட். பாடநூல்களின் பிடிஎஃப், 1998 முதல் மின்னூல் ஆக்கிவரும் மதுரைத் திட்டத்தின் பழந்தமிழ் நூல்கள் எல்லாம் பென்டிரைவில் வந்துசேரும். பிள்ளைகளுக்கு நிர்வாக உரிமை இல்லாத தனிக் கணக்கு ஒன்று. வால்பேப்பரை மாற்றும் உரிமையைப் பறிக்காதீர்கள். கணினி தன்னுடையது என்ற எண்ணம் அங்கேதான் பிறக்கிறது. மாற்றி மாற்றிக் கெடுத்துவிட்டால்தான் என்ன, பிம்பம் இருக்கிறது. இறக்கி முடிப்பதற்குள் ஒரு டீ குடித்து வரலாம்.

லினக்ஸுக்கு மாறியதும் அப்பாவின் பழைய தமிழ்க் கடிதங்கள் எல்லாம் ஆங்கில எழுத்துகளாகத் தெரிகின்றன. கெட்டுப்போய்விட்டனவா? (திருவாரூர்)

ஒன்றும் கெடவில்லை. அவை, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு முந்தைய வழியில் தட்டச்சு செய்தவை. பாமினி போன்ற எழுத்துருக்களில் "அம்மா" என்று அடித்தால், கோப்புக்குள் போய் உட்காருவது எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, எச். தமிழாகக் காட்டியது எழுத்துரு. அது போனதும் முகமூடி கழன்றுவிட்டது. வானவில் எழுத்துருக்களிலும் இதே கதைதான், குறியீடுகள் மட்டும் வேறு.

பழைய விண்டோஸின் எழுத்துருக் கோப்புறை இருந்தால் அதிலிருந்து உரியதை எடுத்து நிறுவுங்கள், கடிதங்கள் திரும்பிவிடும். பிறகு எழுத்துரு மாற்றி ஒன்றின் மூலம் யூனிகோடாக்கிக்கொள்ளுங்கள். ஆனால் மூலக் கோப்பை அழிக்காதீர்கள். மாற்றும்போது ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு தடுமாறும்; சரிபார்க்க மூலம் வேண்டும். இனி அடிப்பதற்கு ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவியை நிறுவி, அதில் தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் 10 டிரைவை லினக்ஸில் திறந்தால் படிக்க முடிகிறது, எழுத முடியவில்லை. (பட்டுக்கோட்டை)

விண்டோஸ் முழுதாக அணையவில்லை. விரைவாகத் துவங்குவதற்கான ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி இயங்கினால் அது அரைத் தூக்கத்தில்தான் இருக்கும். அதை நிறுத்திவிட்டு ஒருமுறை ஒழுங்காக அணையுங்கள்.

திரையில் முதலில் வரும் அரசு முத்திரையை எப்படி நீக்குவது? (கும்பகோணம்)

அது டிஸ்க்கில் இல்லை, கணினியைத் துவக்கிவைக்கும் பயோஸ் சிப்பில் இருக்கிறது. அதை மாற்றப் போய் நடுவில் மின்சாரம் போனால் முத்திரையும் வராது, கணினியும் வராது. மூன்று விநாடிக் கோபுர தரிசனம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

டச்பேட் மேலே எழும்பி வருகிறது. (குத்தாலம்)

பேட்டரி ஊதியிருக்கிறது. அமுக்காதீர்கள், குத்தாதீர்கள், இன்றே சார்ஜ் போடுவதை நிறுத்திக் கழற்றச் சொல்லுங்கள். பேட்டரி இல்லாமல் சார்ஜரில் மட்டும் ஓட்டலாம் என்றால், மாதாந்திர மின்தடை நாளில் நகலெடுக்க உட்காராதீர்கள்.

தம்பி, பையன் வெளிநாட்டில் இருக்கிறான். அவனுடைய பழைய கணினியை அழித்துத் தங்கைக்குக் கொடுக்கச் சொன்னான். முக்கியமானதையெல்லாம் பென்டிரைவில் எடுத்துவிட்டேன். அழித்துவிடலாமா? (திருவையாறு)

அவசரப்படாதீர்கள் அம்மா. என் வீட்டிலேயே நடந்ததைச் சொல்கிறேன். அம்மாவின் பாடல்களைப் பென்டிரைவில் எடுத்ததாக நினைத்து டிஸ்க்கை ஃபார்மட் செய்தேன். பிறகு திறந்து பார்த்தால் பதினான்கு குறுக்குவழிகள்; ஒவ்வொன்றும் 2 கேபி, மூலையில் சின்ன அம்புக்குறி. பாட்டு இருந்த இடத்துக்கு வழிகாட்டும் பலகையை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன். ஊருக்கெல்லாம் கணினி பார்ப்பவன் நான்!

பென்டிரைவைப் பக்கத்து வீட்டுக் கணினியில் செருகுங்கள். ஒரு படம் திறக்கிறதா, ஒரு வீடியோ கடைசி வரை ஓடுகிறதா என்று பாருங்கள். பையன் பொங்கலுக்கு வருவதாக இருந்தால் அதுவரை அழிக்காமல் வையுங்கள். அவனே உட்கார்ந்து ஒருமுறை பார்த்துவிட்டுத் தங்கையிடம் கொடுக்கட்டும்.