பெரிய விமானம் வந்தால் டிக்கெட் மலிவாகுமா?

கேள்வி: மதுரையிலிருந்து லண்டனுக்கு நேரடி விமானம் கேட்டு எங்கள் வியாபாரிகள் சங்கம் மனு தயாரிக்கிறது. ஐந்நூறு பேர் ஏறும் ஏ380 வந்தால் தலைக்குச் செலவு குறையும் என்கிறார்கள் சிலர். எந்த விமானத்தைக் கேட்பது? செலவை எப்படி ஒப்பிடுவது?
- வாசகர், கீழமாசி வீதி, மதுரை

பதில்: ஏ380-ஐ மனுவில் எழுத வேண்டாம். அதன் தயாரிப்பே 2021-இல் நின்றுவிட்டது. விற்றவை 251 மட்டும். அது ஏன் விலைபோகவில்லை என்பதில்தான் உங்கள் கேள்விக்கும் விடை இருக்கிறது.

ஒரு நடைக்கு மொத்தம் எவ்வளவு என்பது ஒரு கணக்கு. அதை இருக்கைகளால் வகுத்து வருவது இன்னொரு கணக்கு. பெரிய விமானம் மலிவு என்பவர்கள் இரண்டாவதை மட்டும், அதுவும் எல்லா இருக்கையும் நிரம்பியதாக வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். ஏ380 மணிக்கு ஏறத்தாழ 12 டன் எரிபொருள் குடிக்கும். 500 இருக்கை என்றால் இருக்கைக்கு 24 கிலோ. இரட்டை எஞ்சின் கொண்ட போயிங் 787-9 சுமார் ஐந்தரை டன்னில் முடித்துக்கொள்கிறது. 290 இருக்கைக்கு 19 கிலோ. நிரம்பினாலும் பெரியதற்கே செலவு அதிகம். மதுரையில் 280 பேர்தான் ஏறினார்கள் என்று வையுங்கள்: ஏ380-இல் தலைக்கு 43 கிலோ, 787-இல் 20-க்கும் குறைவு. ஏ380-இல் பராமரிக்க வேண்டிய எஞ்சின்களும் நான்கு. தரையிறங்கும் கட்டணமும் பல நாடுகளின் வான்வெளியைக் கடக்கும் கட்டணமும் பெரும்பாலும் எடையைப் பொறுத்தவை. ஏ380-இன் உச்ச எடை 575 டன், 787-9-க்கு 254.

எரிபொருளை மட்டும் பார்த்தும் முடிவு கட்டக் கூடாது. புதிய விமானத்துக்கு மாத வாடகை அதிகம். பழைய போயிங் 777-க்கு வாடகை குறைவு, குடிப்பது கூடுதல். எண்ணெய் விலை இறங்கினால் பழையதும் லாபத்தில் ஓடும். ஆகவே இதுதான் மலிவு என்று யாராவது அடித்துச் சொன்னால், எந்த எண்ணெய் விலைக்கு என்று கேளுங்கள்.

தூரமும் செலவைக் கூட்டும். லண்டன் இங்கிருந்து நேர்க்கோட்டில் சுமார் 8,400 கி.மீ.; எதிர்க்காற்றும் சேர்ந்தால் பத்து மணி நேரத்துக்கு மேல். கூடுதலாக ஏற்றும் ஒவ்வொரு டன் எரிபொருளிலும் மணிக்கு 3 முதல் 4 சதவீதம், அதைச் சுமப்பதிலேயே எரிந்துவிடும்.

நம் ஊரைப் பொறுத்தவரை எல்லாவற்றையும்விட முக்கியம் ஓடுபாதை. மதுரையில் அதன் நீளம் சுமார் 7,500 அடி. துபாய்க்கும் கொழும்புக்கும் போகிற 737, ஏ320 போன்ற சிறிய ரகங்களுக்கு அது போதும். லண்டனுக்கான எரிபொருளையும் முழுப் பயணிகளையும் ஏற்றிய 787-க்குப் போதாது. சித்திரை வெயிலில் காற்றின் அடர்த்தி குறையும். உந்துவிசையும் தூக்குவிசையும் குறைந்து இன்னும் நீளம் கேட்கும். எடையைக் குறைத்துக் கிளம்பலாம்தான். ஆனால் எரிபொருளைக் குறைத்தால் வழியில் இறங்கி நிரப்ப வேண்டும். ஆட்களைக் குறைத்தால் காலி இருக்கைகளின் செலவு மற்றவர் டிக்கெட்டில் ஏறும். 12,500 அடியாக நீட்டும் திட்டத்தை உங்கள் மனுவின் முதல் கோரிக்கையாக வையுங்கள் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். விமானத்தின் பெயர் பிறகு வரட்டும்.

2024 நவம்பரில் சேவைக்கு வந்த ஏ321எக்ஸ்எல்ஆர் சிறியது, நடைச்செலவும் குறைவு. நிற்காமல் அது பறக்கக்கூடிய தூரம் 8,700 கி.மீ. என்கிறது அதைத் தயாரிக்கும் ஏர்பஸ். எதிர்க்காற்றில் லண்டன் அந்த விளிம்பில் நிற்கிறது. சரக்குக்கு இடம் மிஞ்சாது.

சரக்கை நான் பெரிதாக நினைக்கிறேன். இருக்கைகளுக்கு அடியில் போகும் மல்லிகையும் காய்கறியும் தரும் வருமானம், நடைச்செலவில் ஒரு பகுதியை ஏற்றுக்கொள்ளும். இரண்டு தளப் பயணிகளின் பெட்டிகளே ஏ380-இன் அடிவயிற்றை அடைத்துக்கொள்ளும். 787-இல் பெட்டிகள் போக இடம் மிஞ்சும். எனவே சென்னை, கொழும்பு, துபாய் வழியாக ஆண்டுக்கு எத்தனை பேர் லண்டன் போகிறார்கள், எத்தனை டன் சரக்கு அனுப்புகிறீர்கள் என்பதை மாதவாரியாகத் திரட்டி மனுவோடு இணையுங்கள். கோடை விடுமுறைக் கூட்டத்தைத் தனியாகக் காட்டுங்கள். நிறுவனங்கள் முதலில் பார்ப்பது மற்ற மாதங்களின் எண்ணிக்கையை.