சாவி யாரிடம் இருக்கிறது? பள்ளி ஒத்திகை பற்றிக் கேள்வி பதில்

தீயணைப்புத் துறையில் 31 வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது டெல்டாப் பக்கப் பள்ளிகளில் பேரிடர் ஒத்திகை நடத்துகிறேன். கேளுங்கள்.

கே (ஆசிரியை, கடலூர்): ஒத்திகையை எங்கிருந்து ஆரம்பிக்கலாம் சார்?

ப: மாடிப்படியிலிருந்து டீச்சர். படிக்குக் கீழே இரும்புக் கேட் உண்டா? பூட்டியிருக்கிறதா? சாவி யாரிடம்? இதைப் பார்த்துவிட்டு வாருங்கள், பாடம் அப்புறம். 2004 ஜூலை 16, கும்பகோணத்தில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்தோம். சமையல் கூடத்துத் தீ கீற்றுக் கூரைக்கு ஏறியது. பிள்ளைகள் இறங்க ஒடுக்கமான படிதான் இருந்தது. அதற்குப் பிறகு கீற்றைப் பிரித்தோம். பூட்டை மட்டும் இன்னும் நிறைய இடத்தில் பார்க்கிறேன்.

கே (பெற்றோர், நாகப்பட்டினம்): கடல் உள்வாங்கினால்தான் சுனாமி வரும் என்று மகன் சொல்கிறான். சரியா?

ப: பாதி சரி. உள்வாங்கினால் ஓடத்தான் வேண்டும். ஆனால் உள்வாங்காமல் நேராக அலையே முதலில் ஏறி வருவதும் உண்டு. நில அதிர்வு, கடலிலிருந்து வழக்கமில்லாத இரைச்சல், அரசு எச்சரிக்கை இவற்றில் ஒன்று போதும், மேட்டுக்குப் போக. முதல் அலை வடிந்ததும் திரும்பி வரக்கூடாது. அடுத்தது இன்னும் பெரிதாக இருக்கலாம்.

இன்னொன்று. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. சுமத்ராவில் பூமி அதிர்ந்தது நம் நேரம் காலை ஆறரை மணிக்கு; நம் கரைக்கு அலை வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அன்று பள்ளிக்கூடம் விடுமுறை. ஆகவே மைதானத்தில் வரிசை கட்டப் பழகிய பிள்ளைக்கு வீட்டுவாசலிலிருந்து எந்தச் சந்து வழியாக ஓடுவது என்றும் தெரியணும். அந்த வழியை வரையச் சொல்லுவேன். ஒரு நாலாம் வகுப்புச் சிறுமி சந்துக்குக் குறுக்கே கட்டம் கட்டமாகக் கோடு போட்டிருந்தாள். என்னம்மா என்றால், “வல காயுது சார், கால் சிக்கும்” என்றாள். எனக்குத் தோன்றவே இல்லை அது.

கே: எந்த எண்ணுக்கு அழைப்பது?

ப: 112. தீ என்றால் 101, ஆம்புலன்ஸ் 108, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077.

கே: பாம்பு கடித்தால் பச்சிலை கட்டலாமா?

ப: 108. மீதியை டாக்டரிடம் கேளுங்கள்.

கே (தலைமை ஆசிரியர்): முன்கூட்டியே சொல்லி நடத்தினால் நாடகம் மாதிரி ஆகிவிடுகிறது. திடீரென்று மணி அடித்தால் என்ன?

ப: நானும் அப்படி நினைத்தவன்தான். ஒரு பள்ளியில் சொல்லாமல் சைரன் போட்டேன். ஆறாம் வகுப்புப் பையன் படியில் விழுந்து மணிக்கட்டு முறிந்தது. அவன் அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் இருக்கிறது.

கே (அதே தலைமை ஆசிரியர்): தீ சொல்லிவிட்டா வருகிறது?

ப: வராது. நீச்சல் கற்றுக்கொடுக்கக் கிணற்றில் தள்ளிவிடுவதும் இல்லையே ஐயா.

கே (கடலூர் ஆசிரியை): மன்னிக்கணும் சார், எங்கள் ஊரில் தள்ளித்தான் விடுவார்கள்!

ப: இடுப்பில் கயிறு கட்டித்தானே? முதல் மூன்று ஒத்திகை சொல்லி, நடந்து, ஓடாமல். நாலாவதைச் சொல்லாமல் வைக்கலாம், ஆசிரியர்களுக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

கே (தலைமை ஆசிரியர்): ஆசிரியர்களுக்கும் சொல்லாமல் வைக்கணும். முதலில் ஓடுவது அவர்கள்தான்.

ப: அதை நீங்கள் சொன்னதாகவே இருக்கட்டும். வருகைப் பதிவேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கடைசியாக வெளியேறுகிறவர்தான் வகுப்பாசிரியர். மைதானத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எண்ணணும். கழிப்பறைக்குப் போன பிள்ளை தலை எண்ணினால்தான் தெரியும்.

கே: புயலில் காற்று நின்றதும் வெளியே போகலாமா?

ப: கூடாது. புயலின் நடுப்பகுதியான கண் கடந்துகொண்டிருக்கலாம்; அப்படியானால் கொஞ்ச நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அடிக்கும். மாட்டை அவிழ்க்கப் போவதும், பறந்த ஓட்டைப் பொறுக்கப் போவதும் அந்த நேரத்தில்தான்.

கே: அவசர எண் எது சார்?

ப: மேலே பாருங்கள்.

கே: புத்தகப் பையை எடுத்துக்கொண்டு வரலாமா?

ப: வேண்டாம்.

கே: ஹெல்ப்லைன் நம்பர்?

ப: 112. மூன்றாவது முறை. இனி கேட்பவர் கரும்பலகையில் நூறு தரம் எழுதணும்.

கே (கடலூர் ஆசிரியை): சார், போய்ப் பார்த்தேன். கேட் பூட்டித்தான் இருக்கிறது. சாவி வாட்ச்மேன் அண்ணனிடம். அவர் மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட வீட்டுக்குப் போனால் இரண்டுக்குத்தான் வருவார்.

ப: ஒத்திகையை 1.20க்கு வையுங்கள் டீச்சர்.