கோடை வெயிலை வைத்து மாரியைக் கணிக்கலாமா?

கேள்வி: முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் எனக்கு இரண்டு ஏக்கர் வயலும், அதற்கு அப்பால் மானாவாரியாக மூன்று ஏக்கரும் உண்டு. பட்டியில் 14 மாடுகள் நிற்கின்றன. இம்முறை வைகாசி தொடங்கி ஆவணி வரை வெயில் தாங்க முடியவில்லை. "கோடை இப்படிக் காய்ந்தால் மாரி கொட்டும், குளிரும் கடுமையாக இருக்கும்" என்று என் அப்பு சொல்வார். அதை நம்பி, புரட்டாசிக் கடைசியிலேயே மூன்று ஏக்கரையும் புழுதியில் விதைத்துவிடலாமா? மாடுகளுக்கு என்ன ஆயத்தம் செய்ய வேண்டும்? (ஒட்டுசுட்டான் பகுதி விவசாயி ஒருவர்)

பதில்: ஐயா, உங்கள் அப்பு சொன்னதை நான் முற்றாகத் தள்ளிவிடமாட்டேன், ஆனால் அந்தச் சொல்லை மட்டும் நம்பி, ஏக்கருக்கு இரண்டு புசல் என்றாலும் ஆறு புசல் விதைநெல்லைப் புழுதியில் போடுவதற்குச் சம்மதிக்கவும் மாட்டேன்.

முதலில் இந்த வெயில் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். சித்திரைப் புத்தாண்டை ஒட்டிச் சூரியன் வன்னிக்கு நேர் உச்சியில் நிற்கிறது. ஆவணியில் இன்னொரு தடவை உச்சிக்கு வருகிறது. இடைப்பட்ட மாதங்களில் வீசும் தென்மேல் காற்று தன் மழையை மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் கொட்டிவிட்டு, கச்சான் எனும் வறண்ட காற்றாக நம்மிடம் வந்து சேர்கிறது. மண்ணில் ஈரம் இருக்குமானால் வெயிலின் பெரும் பங்கு அந்த ஈரத்தை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடும். ஈரம் வற்றிய மண்ணில் அதே வெயில் நிலத்தையும் அதன் மேல் நிற்கும் காற்றையும் சுடவைக்கிறது. ஆகவே இவ்வளவு சூடு ஏறியதற்குக் கடந்த மாதங்களில் மழை பெய்யாமல் போனதும் ஒரு காரணம். வரப்போகும் மழையைப் பற்றி அந்தச் சூட்டிடம் கேட்டால் அது சொல்லக்கூடியது மிகக் குறைவு.

நமது மாரி மழை கடலிலிருந்து வருவது. ஐப்பசி, கார்த்திகையில் பிற்பகல் இடிமழையும் வங்காள விரிகுடாவின் தாழமுக்கங்களும், மார்கழி, தையில் வாடைக்காற்றும் அதைக் கொண்டுவருகின்றன. அந்த மழை கூடுமா குறையுமா என்பதில், முத்தையன்கட்டு அலைகரையின், அதாவது குளத்தின் உட்கரை நிலத்தின், வெடிப்பைவிடப் பசிபிக் சமுத்திரத்தின் சூட்டுக்கும் இந்து சமுத்திரத்தின் சூட்டுக்கும் பங்கு அதிகம். பசிபிக்கின் நடுப்பகுதியும் கிழக்குப் பகுதியும் வழமையைவிடச் சூடேறும் எல் நினோ ஆண்டுகளில், இலங்கையில் ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரையான மழை கூடும் போக்கும், ஜனவரிக்குப் பின் மழை குறையும் போக்கும் உண்டு. ஆபிரிக்கக் கரையோரம் இந்து சமுத்திரம் சூடேறிச் சுமாத்திராப் பக்கம் குளிர்ந்திருந்தாலும் முன்மாரி மழை கூடுகிறது. இவை எதிர்ப்பக்கம் திரும்பினால், அதாவது பசிபிக் குளிரும் லா நினாவும் சுமாத்திராப் பக்கச் சூடும் சேர்ந்துகொண்டால், முன்மாரி மெலிந்துபோகக் கூடும்.

உங்கள் அப்புவின் சொல்லில் உள்ள உண்மை இங்கேதான் இருக்கிறது. எல் நினோ ஆண்டுகளில் கோடை கடுமையாவதும் அதைத் தொடர்ந்து முன்மாரி பலப்படுவதும் பல தடவை சேர்ந்தே நடந்திருக்கும்; கடலைப் பாராமல் வயலை மட்டும் பார்த்தவர் வெயில்தான் மழையைக் கொண்டுவந்தது என்று எண்ணியதில் வியப்பில்லை. 2023 ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஓகஸ்ட் மாதத்தில் நாட்டின் பல பகுதிகளில் சிறுபோகம் தண்ணீரின்றி வாடியது. அது எல் நினோ ஆண்டு. டிசெம்பரில் முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் வெள்ளம் வந்தது. அப்பு இருந்திருந்தால் "நான் சொன்னேன் அல்லவா" என்று கேட்டிருப்பார்.

2016 ஆம் ஆண்டில் அவரது கணக்குப் பிழைத்திருக்கும். அந்த ஆண்டும் வெயில் கொளுத்தியது. ஆனால் ஆண்டின் நடுவிலேயே எல் நினோ அடங்கி, மெல்லிய லா நினா தலைகாட்டியது. இந்து சமுத்திரத்தின் சூடும் சுமாத்திராப் பக்கமே நின்றது. காலபோக மழை பொய்த்தது. 2017 பிறந்தபோது நாடு கடும் வறட்சியில் இருந்தது. 2016 கார்த்திகைக் கடைசியில் ஒரு மானாவாரி வயலில் நின்று பயிரைப் பிடுங்கிப் பார்த்தேன். ஒரு சாண் உயரம், நுனி கருகிய இலை, வேரில் ஒட்டுவதற்கு ஈரமண் இல்லை. தட்டியவுடன் புழுதி உதிர்ந்தது. ஐப்பசியில் பெய்த ஒரு மழையில் முளைத்து, அடுத்த மழைக்குக் காத்திருந்து பட்டுப்போன பயிர் அது. இரண்டு கோடைகளும் சுட்டவைதாம். வந்த மாரிகள் இரண்டும் வேறு வேறு.

கடல் சாதகமாக இருந்தாலும் மொத்தக் கணக்கை மாற்றிவிடும் இன்னொன்றும் உண்டு. வன்னியின் மாரி மழையில் பெரும் பங்கை ஒரே ஒரு தாழமுக்கம் இரண்டு மூன்று நாளில் கொட்டிவிடக் கூடும். 2008 நவம்பரில் வந்த நிஷா புயலும், 2018 டிசெம்பர் 21, 22 ஆம் திகதிகளில் கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தை வான் பாயவைத்த மழையும் அப்படிப்பட்டவை. அத்தகைய ஒன்று நம் பக்கம் திரும்புமா, தமிழ்நாட்டுக்குப் போகுமா என்பது ஒரு கிழமைக்கு முன்னர்தான் ஓரளவு தெளிவாகும். ஆவணி வெயிலில் அதைத் தேடுவது வீண் வேலை.

ஆனாலும் இந்த வெயிலை நீங்கள் கணக்கில் எடுக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு, அது குளம். வெயிலும் கச்சானும் சேர்ந்து குளத்திலிருந்து ஒரு நாளில் 5 மில்லிமீற்றர் நீரை ஆவியாக்குவதாகக் குறைத்துக் கணக்கிட்டாலும், 120 நாளில் அது 600 மில்லிமீற்றர், அதாவது ஏறத்தாழ இரண்டு அடி. காய்ந்து வெடித்த அலைகரையும் மேட்டு நிலமும் முதல் மழைகளைக் குடித்துத் தீர்த்த பின்னரே குளத்துக்கு நீர் வரத் தொடங்கும். ஆகவே கடும் கோடைக்குப் பின்னர், வழமையான மழை பெய்தாலும் குளம் வழமையைவிடப் பிந்தியே நிரம்பும். குளத்தின் கீழுள்ள இரண்டு ஏக்கருக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் அறிவிக்கப்படும் நீர்மட்டத்தையும் துருசு (மதகு) திறக்கும் திகதியையும் வைத்தே முடிவெடுங்கள்; அங்கே பிஜி 352, ஏ.ரி. 362 போன்ற மூன்றரை மாத நெல் பொருந்தும்.

மானாவாரி மூன்று ஏக்கரையும் ஒரே நாளில் விதைக்க வேண்டாம். ஒரு ஏக்கரைப் புரட்டாசிக் கடைசியில் புழுதியில் விதையுங்கள். விதை மேலே கிடக்காமல் மண்ணுக்குள் மறையும்படி மறு உழவு செய்யுங்கள். மேலே கிடக்கும் விதை ஒரு தூறலுக்கே முளைத்துவிடும். ஆழத்தில் கிடப்பது நல்ல மழைக்குக் காத்திருக்கும். ("ஆடிப்பட்டம் தேடி விதை" என்பதைச் சிலர் இங்கும் சொல்கிறார்கள். அது வேறு மண்ணின் கணக்கு. வன்னியில் ஆடியில் விதைத்தால் எறும்புக்குத்தான் விளைச்சல்.) மற்ற இரண்டு ஏக்கரையும், மண்வெட்டியால் ஒரு சாண் ஆழம் வெட்டி எடுத்த மண் கையில் உருண்டையாகப் பிடிபடும் நாளில் விதையுங்கள். அங்கே பிஜி 300 போன்ற மூன்று மாத நெல் போதும். வளிமண்டலவியல் திணைக்களத்தின் பருவகால அறிவிப்பு எல் நினோவைச் சொல்லுமானால், தையில் மழை முந்தி அறுந்துபோகக் கூடும் என்பதால், குறுகிய வயதுடைய நெல்லே உங்களைக் காப்பாற்றும். மேட்டில் உழுந்தோ நிலக்கடலையோ போடுவதாயின் வடிகால் வெட்டாமல் போடாதீர்கள்.

பக்கச்சுவர் நேரான தகர டப்பா ஒன்றை வெளியான இடத்தில் வைத்து, நாள்தோறும் காலையில் அடிமட்டத்தால் மழையை அளந்து கொப்பியில் எழுதுங்கள். ஒரு மில்லிமீற்றர் என்பது ஒரு ஏக்கரில் ஏறத்தாழ 4,000 லீற்றர் தண்ணீர். இரண்டு மாரிக்கு எழுதினால், உங்கள் வயலைப் பற்றி என்னைவிட நீங்கள் அதிகம் சொல்வீர்கள்.

குளிரைப் பற்றிய கேள்விக்குப் பதில் சுருக்கமானது: கோடைச் சூட்டுக்கும் தைக் குளிருக்கும் தொடர்பு இல்லை. மழை விட்ட பின்னர் வானம் வெளித்து, வறண்ட வாடை வீசும் இரவுகளில் குளிர் இறங்கும். அந்தப் பனி நெல்லைக் குளிரால் வாட்டுவது அரிது. இலையில் நெடுநேரம் ஈரம் நிற்பதால் எரிபந்தம் என்னும் பூஞ்சண நோய் பரவுவதே வயலுக்குரிய கவலை. யூரியாவை அள்ளிப் போட்ட வயலில் அது முதலில் வரும்.

மாடுகளுக்கு ஆபத்துக் குளிரில் மட்டும் இல்லை. நனைந்த உடலில் காற்றுப் படுவதுதான் அவற்றைக் கொல்கிறது. 2022 டிசெம்பரில் மன்டோஸ் புயல் வங்காள விரிகுடாவைக் கடந்தபோது, வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் அதிகமான மாடுகளும் ஆடுகளும் குளிர்ந்த காற்றில் இறந்தன. கோடையில் மெலிந்த மாடே அப்படியான இரவில் முதலில் விழும். இந்த வெயில் உங்கள் பட்டிக்குச் செய்திருக்கும் கெடுதி அதுதான். ஆகவே இப்போதே எலும்பு தெரியும் மாடுகளையும் கன்றுகளையும் பிரித்து, தவிடும் புண்ணாக்கும் கொடுத்துத் தேற்றுங்கள். குடற்புழு மருந்தைக் கால்நடை வைத்தியரிடம் கேட்டு ஐப்பசிக்கு முன் கொடுத்துவிடுங்கள். பட்டியின் வடகிழக்குப் பக்கத்தில் மாட்டின் முதுகுக்கு மேல் வரும்படி கிடுகு வேலி அடைத்து, உள்ளே தண்ணீர் தேங்காதபடி மண் போட்டு உயர்த்துங்கள். சிறுபோக வைக்கோலில் ஒரு பகுதியையாவது விற்காமல் மூடி வையுங்கள். தொடர்ந்து மூன்று நாள் மழை பெய்தால் மாடு மேயப் போகாது, அப்போது தின்னவும் படுக்கவும் அதுவே வேண்டும்.